திரை சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தேங்காய்ப்பட்டணம், குளச்சல் துறைமுகங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், ரேடார் ஆகியவற்றைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். புதிய கருவியைப் பொருத்தி முடித்துச் சோதனை ஓட்டத்துக்காகத் துறைமுக வாயைத் தாண்டும்போது, சுக்கான் பிடிப்பவர் பெரும்பாலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, ஸ்க்ரீன் கிளீனா இருக்கணும், புள்ளியும் பொடியும் வேண்டாம்.” கேட்பவர்கள் கடலை என்னைவிட நூறு மடங்கு அறிந்தவர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்களோடு வாதாடுவேன். எக்கோவில் திரையைத் துடைத்து வைத்தால் போவது மீன். ரேடாரில் துடைத்து வைத்தால் போவது எதிரே வரும் வள்ளமும் அதில் இருக்கும் ஆட்களும்.

எக்கோ சவுண்டரின் வேலை எளிமையானது. படகின் அடியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர் ஒலியை நீருக்குள் அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கருவி அளக்கிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் என்பதால், 300 மீட்டர் ஆழத்தில் ஒலி போய்த் திரும்ப 0.4 நொடி ஆகும். திரையின் வலது ஓரத்தில் இருக்கும் ஒற்றைக் கோடு மட்டுமே இப்போது நமக்குக் கீழே இருப்பது. அதற்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம் படகு கடந்து வந்த நீரின் பழைய கணக்கு. படகு நின்றுகொண்டிருக்கும்போது அடியில் ஒரே ஒரு மீன் அசையாமல் நின்றால்கூடத் திரையில் அது நீண்ட கோடாக ஓடும். அதைப் பெரிய கூட்டம் என்று எண்ணித் தூண்டில் இறக்கியவர்கள் உண்டு.

எந்த அதிர்வெண்ணில் பார்ப்பது என்பது முதல் முடிவு. நம் படகுகளில் உள்ள பெரும்பாலான கருவிகள் 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டிலும் இயங்கும். 50 ஆழத்துக்கு, 200 ஆழம் குறைந்த இடத்துக்கு என்று சொல்வது பாதிதான் சரி, ஏனென்றால் ஒலி விரிந்து இறங்கும் கூம்பின் அகலமும் கூடவே மாறுகிறது. கூம்பு எவ்வளவு விரியும் என்பது டிரான்ஸ்டியூசரைப் பொறுத்தது. 50-இல் 40 டிகிரியும் 200-இல் 12 டிகிரியும் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் ஆழத்தில் முதலாவது சுமார் 73 மீட்டர் அகலத்தையும் இரண்டாவது சுமார் 21 மீட்டர் அகலத்தையும் பார்க்கிறது. அகலமாகப் பார்ப்பது ஆதாயம் போலத் தோன்றும். ஆனால் கூம்பின் நடுவில் உள்ள தரை கருவிக்கு மிக அருகில் இருப்பதால் அதன் எதிரொலி முதலில் வந்து சேர்கிறது. கூம்பின் ஓரத்தில் தரையை ஒட்டி நிற்கும் மீனின் எதிரொலி அதற்குப் பிறகு வந்து, தரையின் தடித்த பட்டைக்குள் மறைந்துபோகிறது. மேலே சொன்ன 40 டிகிரிக் கூம்பில், 100 மீட்டர் ஆழத்தில், ஓரத்தில் நிற்கும் மீன் தரையிலிருந்து சுமார் 6 மீட்டருக்கு மேலே எழுந்தால்தான் கண்ணில் படும். கடலடிப் பாறைத் திட்டான பாரின் சரிவில் இந்தக் குருட்டுப் பகுதி இன்னும் பெரிதாகும். அதனால்தான் பார் மீனுக்காக, கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள மீன்வளத் திட்டான வாட்ஜ் பேங்க் பக்கம் தூண்டில் போடுகிறவர்களிடம், இரண்டு அதிர்வெண்களையும் பாதித் திரைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

அடுத்தது கெயின், அதாவது திரும்பி வரும் எதிரொலியைக் கருவி எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு. கருவியின் ஆட்டோ முறை தரையைத் தெளிவாகக் காட்டும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் அதை வாங்குகிற பலருக்குத் தேவை ஆழம் மட்டுமே. மீன் தேடுகிறவர் அதைக் கையால் வைக்க வேண்டும். எதிர்பார்க்கும் ஆழத்துக்கு ரேஞ்சை, அதாவது திரை காட்டும் எல்லையை, வைத்துவிட்டு, திரை முழுக்க மெல்லிய பொடி தெரியும்வரை கெயினை ஏற்றி, பிறகு அந்தப் பொடி முற்றாக மறையாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும் அளவுக்கு இறக்க வேண்டும். பொடி இருக்கிறது என்றால், கருவி தன் கேட்கும் திறனின் எல்லைவரை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இது நம் ஊர்ப் படகுகளுக்குக் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. மீனிடமிருந்து வரும் எதிரொலியின் பெரும்பகுதி அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருவது. சாளைக்குக் காற்றுப்பை உண்டு. அதன் கூட்டம் சிறியதாக இருந்தாலும் திரையில் சிவந்து தெரியும். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. சூரை இனத்தில் வரிச்சூரைக்கும் கிடையாது. கணவாய்க்கும் இல்லை. தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தேடிப்போகும் மீன்களில் முக்கியமானவை சுறாவும் சூரையுமே. கருவி மிகப் பலவீனமாகக் காட்டும் மீனை நம்பிப் பிழைக்கும் ஒருவர், பலவீனமான குறிகளையெல்லாம் அழுக்கு என்று துடைக்கச் சொல்வதை எப்படி ஏற்பது?

ரேஞ்ச் விஷயத்தில் பழைய ஓட்டிகள் செய்யும் ஒரு வேலையை இங்கே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் கருவியின் கையேட்டைப் படிக்காமலே அவர்கள் அதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். இருபது பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர்) ஆழத்தில் ஐம்பது பாகத்துக்கு ரேஞ்சை வைத்துக்கொள்வார்கள். தரையில் பட்டு மேலே வந்த ஒலி நீர்ப்பரப்பில் மோதி மறுபடி கீழே போய்த் திரும்புவதால், நாற்பது பாகத்தில் இரண்டாவது தரை ஒன்று தெரியும். தரை பாறையாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்த இரண்டாவது தரை பலமாகத் தெரியும். சேறாக இருந்தால் மங்கும் அல்லது காணாமல் போகும். முதல் தரையின் கீழ் நீளும் வாலும் அப்படியே: கெட்டித் தரையில் தடித்தும் சேற்றில் மெலிந்தும் இருக்கும். இழுவை மடி போடுகிறவருக்கு இது வலை கிழியாமல் தப்புவதற்கான குறி. தூண்டில்காரருக்கோ இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லும் குறி. ஆட்டோ ரேஞ்ச் இந்த இரண்டாவது தரையைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

ஆழ்கடலில் ஆட்டோ செய்யும் இன்னொரு கோளாறு வேடிக்கையானது. பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் சிறு மீன்களும் இறால் போன்ற உயிர்களும் பெரும் அடுக்காகக் கூடி நிற்கும், பொழுது சாயும்போது அந்த அடுக்கு மேலே எழும், விடியும்போது இறங்கும். தரை கருவிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தால், கருவி இந்த அடுக்கையே தரை என்று பிடித்துக்கொண்டு அதன் ஆழத்தைப் பெரிய எண்களில் காட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒலிக்கருவி ஆய்வாளர்களையே குழப்பிய பொய்த்தரை இதுதான். அந்தி நேரத்தில் ‘தரை’ மெல்ல மேலேறி வருவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். வரைபடத்தைப் பாருங்கள், பிறகு ரேஞ்சைக் கையால் வையுங்கள். மேலேறும் அந்த அடுக்கைத் தேடிச் சூரையும் வரும் என்பதை ஓட்டிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துப் படகின் எக்கோவிலிருந்து வரும் சாய்ந்த கோடுகள், ஆல்டர்னேட்டர் இரைச்சல், டிரான்ஸ்டியூசருக்கு முன்னால் எழும் காற்றுக்குமிழி, அதன் முகத்தில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு ஆகியவை உண்மையிலேயே அழுக்குதான். ஆனால் அவற்றைக் கெயினைக் குறைத்துத் தீர்க்கக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அந்த அழுக்கு போய்விட்டால் கோளாறு வயரிங்கிலோ புரொப்பெல்லரிலோ இருக்கிறது.

இனி ரேடார். எக்கோவைக் கையாள்வதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள், ஏனென்றால் அதில் வருமானம் இருக்கிறது. ரேடாரோ வருமானம் தராத கருவி. ஆகவே அதன் பொத்தான்களைத் தொடாமலே பல படகுகள் பல பருவங்களைக் கடந்துவிடுகின்றன. பாட்டரி போய்விடும் என்று அணைத்து வைப்பவர்களும் உண்டு. 2018 ஆகஸ்ட் 7 அன்று கொச்சிக்கு அப்பால் ‘ஓஷியானிக்’ என்ற படகும், 2021 ஏப்ரல் 13 அன்று மங்களூருக்கு அப்பால் ‘ரப்பா’ என்ற படகும் கப்பல் மோதி நொறுங்கின. இரண்டிலும் குமரி மாவட்டத்தவர் உட்படத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இரண்டும் விடிவதற்கு முன் நடந்தவை. யார் மேல் பிழை என்பதை விசாரித்தவர்கள் சொல்லட்டும். அந்த நேரத்தில், அந்தக் கடலில், ஒரு படகு தன் ரேடாரை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் பேச்சு.

நேரக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 14 நாட் வேகத்தில் வரும் கப்பலும் 7 நாட் வேகத்தில் போகும் படகும் நேருக்கு நேர் வந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் மணிக்கு 21 கடல் மைல் வீதம் சுருங்கும். 6 மைலில் கப்பலைப் பார்த்தால் கையில் இருப்பது 17 நிமிடம். கயிறும் தூண்டிலும் மைல்கணக்கில் வெளியே கிடக்கும் படகுக்கு இது அதிக நேரம் இல்லை. ஆகவே கப்பலுக்காக 12 மைல் ரேஞ்சிலும், வள்ளத்துக்கும் பைபர் படகுக்குமாக 1.5 அல்லது 3 மைல் ரேஞ்சிலும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஏழாவது விதியும் நெடுந்தூர ரேஞ்சில் பார்ப்பதை ரேடாரின் முறையான பயன்பாட்டில் ஒன்றாகவே சொல்கிறது. ஆன்டெனா நான்கு மீட்டர் உயரத்தில் இருந்து, எதிரே வரும் கப்பலின் மேற்கட்டு பதினாறு மீட்டர் உயரம் இருந்தால், ஏறத்தாழ 13 மைலில் அது அடிவானத்துக்கு மேலே வரும். அதற்கு மேல் 24 மைல், 36 மைல் என்று வைத்துக்கொள்வதால் நம் படகுக்கு மழை மேகத்தைப் பார்ப்பது தவிரப் பெரிய பயன் இல்லை.

கெயினை வைக்கும் முறை எக்கோவில் சொன்னதேதான். அலையின் எதிரொலியைக் குறைக்கும் ‘சீ’, மழையின் எதிரொலியைக் குறைக்கும் ‘ரெயின்’ இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, நீண்ட ரேஞ்சில் பின்னணியில் மெல்லிய பொடி தெரியும்வரை கெயினை ஏற்றி நிறுத்த வேண்டும். அதன் பிறகே ‘சீ’ கட்டுப்பாட்டைத் தொட வேண்டும். மேற்குக் கரைத் தடைக்காலம் ஜூலை 31-ஆம் தேதி முடிந்து ஆகஸ்டில் படகுகள் இறங்கும்போது தென்மேற்குப் பருவக்கடல் இன்னும் அடங்கியிருக்காது. அப்போது படகைச் சுற்றி இரண்டு மூன்று மைலுக்கு அலைகளின் எதிரொலி பெரிய வெள்ளைக் கறையாகத் தெரியும். காற்று வரும் பக்கம் அது இன்னும் நீண்டிருக்கும். கண்ணுக்கு எரிச்சல்தான். ‘சீ’யை முழுக்கத் திருகினால் கறை முழுதும் மறைந்து கறுப்புத் திரை கிடைக்கும், கூடவே அந்த இரண்டு மைலுக்குள் இருக்கும் பைபர் வள்ளமும் மறையும். அலையும் வள்ளமும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் எதிரொலிப்பதால், ஒன்றை மட்டும் அழிக்கும் பொத்தான் கிடையாது. மரமும் பைபரும் ரேடார் அலையைப் பெரும்பாலும் விழுங்கியோ ஊடுருவ விட்டோ விடுகின்றன. வள்ளத்தில் எதிரொலிப்பது பெரும்பாலும் எஞ்சினும் ஈரமான ஆட்களும்தான்.

ஆகவே கறையைச் சற்று விட்டுவைக்க வேண்டும். அலையின் குறி ஆன்டெனாவின் ஒரு சுற்றில் இங்கே, அடுத்த சுற்றில் அங்கே என்று சிதறும்; வள்ளத்தின் குறி விட்டு விட்டு வந்தாலும் அதே இடத்தில் வரும். சுமார் பத்துச் சுற்று அளவுக்குக் கண்ணை அகற்றாமல் பார்த்தால் வேறுபாடு புலப்படும். ஒருமுறை சோதனை ஓட்டத்தில் கிளீன் ஸ்க்ரீன் கேட்ட ஒருவரிடம், கண்ணெதிரே அரை மைலில் மிதந்த கட்டுமரத்தைக் காட்டிவிட்டு ‘சீ’யைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். அது திரையிலிருந்து போன இடத்தில் மார்க்கர் பேனாவால் பொத்தானுக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டவர் அவர்தான், நான் சொல்லவில்லை. (அந்தக் கோடு அந்த நாளின் கடலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பிறகு பேசிக்கொண்டோம்.)

கப்பல் மோதுமா மோதாதா என்பதைத் தூரத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது திசை. திசையை அளக்கத் திரையில் வரும் ஈபிஎல் கோட்டைக் கப்பலின் குறி மேல் வைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். குறி கோட்டை விட்டு முன்னோ பின்னோ தெளிவாக விலகியிருந்தால் அது நம்மைக் கடந்து போகும். கோட்டின் மேலேயே நழுவி உள்நோக்கி வந்துகொண்டிருந்தால் மோதலுக்கான பாதையில் இருக்கிறோம். படகின் முகம் மேலே இருக்கும்படி திரையை வைத்திருப்பவர்கள், படகு ஆடும்போது குறியும் ஆடும் என்பதை நினைவில் கொண்டு காம்பஸ் ஒரே எண்ணில் நிற்கும் நேரத்தில் ஒப்பிட வேண்டும். ஏழாவது விதியில் இதற்கும் இடம் உண்டு: குறைவான தகவலை, குறிப்பாக ரேடாரிலிருந்து கிடைத்த குறைவான தகவலை வைத்து எதையும் ஊகித்துக்கொள்ளக் கூடாது.

அந்த வாசகத்தின் பொருளை, விதிகள் எழுதப்படுவதற்கு முன்னரே நடந்த ஒரு விபத்து காட்டியது. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் மூடுபனிப் பகுதியில் இத்தாலியின் ‘ஆண்ட்ரியா டோரியா’வும் சுவீடனின் ‘ஸ்டாக்ஹோம்’ கப்பலும் மோதின. 51 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ரேடார் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று பல மைலுக்கு முன்பே திரையில் பார்த்துவிட்டன. மற்றது எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதை இரண்டு கப்பலிலும் வெவ்வேறாகக் கணித்தார்கள். ஒன்று இடது பக்கம் திரும்பியது, மற்றது வலது பக்கம் திரும்பியது. ஸ்டாக்ஹோமில் எந்த ரேஞ்சில் பார்க்கிறோம் என்பதே தவறாக எண்ணப்பட்டிருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சிலர் கருதினார்கள். ரேஞ்சை மாற்றிய ஒவ்வொரு முறையும் திரையின் மூலையில் உள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது என் வழக்கம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுச் சொல்வார்கள்.

மீன்பிடிக்கும் படகுக்குக் கப்பல்தான் ஒதுங்க வேண்டும் என்ற வாதத்தைத் துறைமுகத்தில் அடிக்கடி கேட்கிறேன். பதினெட்டாவது விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்போது பொருந்தும் விதி. மழையும் பனியும் மறைக்கும்போது பத்தொன்பதாவது விதி வருகிறது. அதில் மீன்பிடிப் படகுக்கு என்று தனிச் சலுகை இல்லை. இரண்டு பக்கமும் விலக வேண்டும், முன்னால் தெரியும் கப்பலுக்காக இடப்பக்கம் திரும்புவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்போதும், நாம் மீன்பிடிக்கிறோம் என்பதைக் கப்பலுக்குச் சொல்வது விளக்குகள்தான்: இழுவைப் படகுக்குப் பச்சையின் கீழ் வெள்ளை, மற்றவற்றுக்குச் சிவப்பின் கீழ் வெள்ளை. வண்ண வண்ண எல்இடி சரங்களைப் படகு முழுக்கக் கட்டி அந்த விளக்குகளையே மறைத்து வைத்திருப்பது திருவிழாவுக்கு அழகு, கடலில் ஆபத்து.

கலங்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் வந்த பிறகு ரேடார் எதற்கு என்றும் கேட்கிறார்கள். தன்னை அறிவித்துக்கொள்ளும் கலத்தை மட்டுமே ஏஐஎஸ் காட்டும். வள்ளமும் மிதக்கும் மரமும் தங்களை அறிவித்துக்கொள்வதில்லை.

ரேடார் எதைக் காட்டாது என்பதைத் துறைமுகத்தை விட்டு வெளியேறியதுமே தெரிந்துகொள்வது நல்லது. பாய்மரமும் புகைபோக்கியும் ஆன்டெனாவுக்கு எதிரே நின்றால், அந்தத் திசையில் நிரந்தர நிழல் விழும். வயது வந்த ஆள் கைவிளக்கின் முன் கையை வைத்தால் சுவரில் விழும் நிழலைப் போன்றதே அது. கடலில் அந்தச் சுவர் தெரியாது என்பதுதான் சிக்கல். ஐந்து பத்து டிகிரி படகைத் திருப்பிப் பார்த்தால் மறைந்திருந்தது வெளியே வரும். சிறிய குமிழ் ஆன்டெனாவின் கற்றை ஏறத்தாழ நான்கு டிகிரி அகலம் கொண்டது. 6 மைல் தூரத்தில் அது முக்கால் கிலோமீட்டருக்கு மேல் பரவுகிறது. அந்த அகலத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு கலங்கள் ஒரே குறியாகத் தெரியும். இழுவைக் கப்பலும் அது கட்டி இழுக்கும் மிதவையும் தூரத்தில் அப்படி ஒன்றாகத் தெரிந்து, கிட்டே வந்த பிறகே இரண்டாகப் பிரிந்தால், ‘இரண்டுக்கும் நடுவே புகுந்துவிடலாம்’ என்ற எண்ணம் வருவதற்குள் கயிறு குறுக்கே நிற்கும்.

உடலுக்கான பாதுகாப்பு பற்றிக் குறைவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரேடார் நுண்ணலையை வெளியிடும் கருவி. மிக அருகில் நின்றால் திசுக்களைச் சூடாக்கும், கண்ணுக்கு அது கூடுதலாகக் கெடுதல். எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கருவியின் கையேட்டிலும் எண் இருக்கிறது. ஆன்டெனாவை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்தால் பெரும்பகுதிப் பிரச்சினை தீர்ந்தது. வலை காயப்போடவோ விளக்கு மாற்றவோ வீல்ஹவுஸ் கூரையில் ஏறுகிறவர், ஏறுவதற்கு முன் ஸ்டாண்ட்பையில் போடச் சொல்லிவிட்டு, கீழே இருப்பவர் மறதியாக மறுபடி இயக்கிவிடாதபடி பொத்தானின் மேல் ஒரு துணியையாவது கட்டிவிட்டுப் போக வேண்டும். திறந்த ஆன்டெனாவாக இருந்தால் கதிரைவிடச் சுழலும் கை மண்டையில் அடிப்பதே உடனடி அபாயம். ரேடார் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் உள்ள பெட்டியைக் கரண்ட் நிறுத்தியவுடன் திறக்கக் கூடாது. உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

நாம் வைத்த வளையத்துக்குள் எது வந்தாலும் அடிக்கும் காவல் வளையம் என்ற அலாரம் பெரும்பாலான ரேடார்களில் இருக்கிறது. அதை வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: திரையில் வரையப்படும் குறிக்கு மட்டுமே அலாரம் அடிக்கும். கெயினைக் குறைத்து, ‘சீ’யை ஏற்றித் துடைத்த திரையில் வள்ளமே இல்லை என்றால் அலாரத்துக்கும் வள்ளம் இல்லை. ஐந்தாவது விதி கேட்பது கண்ணாலும் காதாலும் கவனிக்க ஓர் ஆள். ரேடார் அவருக்குத் துணை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கப்பலை ஓட்டும் மேடையில் நிற்பவரும் அதே கறையைப் பார்த்து அதே பொத்தானைத் திருகுகிறவர்தான். அவர் திரையில் நாம் பலமான குறியாக இருக்க வேண்டுமென்றால் மரப் படகும் பைபர் படகும் ரேடார் எதிரொலிப்பானைக் கட்டியாக வேண்டும். மூன்று அலுமினியத் தகடுகளைக் குறுக்கே கோத்துச் செய்யும் எட்டு மூலை எதிரொலிப்பான் அதிக விலை இல்லை. பெரிய கப்பல்கள் வழக்கமாக 3 சென்டிமீட்டர் அலை ரேடாருடன் 10 சென்டிமீட்டர் அலை ரேடாரும் வைத்திருக்கும். மழையிலும் கொந்தளிப்பிலும் இரண்டாவதையே விரும்பிப் பார்ப்பார்கள். அதில் இதே எதிரொலிப்பானின் பலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே கைக்கு அடக்கமாக இருக்கிறது என்று சிறியதை வாங்க வேண்டாம். பாய்மரத்தில் எட்டும் உச்சியில் கட்டுங்கள். கூர் முனை மேலே இருக்கும்படி ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பதைத்தான் துறைமுகத்தில் அதிகம் பார்க்கிறேன், அது தவறு. மழை பெய்தால் மேல் பக்கக் குழியில் நீர் தேங்கும்படி, ஒரு குழி நேராக வானத்தைப் பார்க்க, மூன்று இடத்தில் கயிறு கொடுத்து அசையாமல் கட்ட வேண்டும்.